கைதட்டிய கைகளே கல்லெறியலாமா?

மாலை ஏழு மணிக்குக் குண்டலுபேட்டையில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு சின்னத்திரையில் ஒரு நடிகை அழுவாள். அவளோடு வீடே அழும். அதே வீட்டில், "மன்ற ஆண்டுவிழா நாடகத்தில் உங்கள் மகள் நடிக்கட்டுமே" என்று கேட்டால், "குடும்பப் பெண்ணுக்கு அது எதற்கு?" என்பதே விடை. அழுவதற்கு நடிகை வேண்டும், மதிப்பதற்கு வேண்டாம். இது என்ன நீதி?

நடிகையர் வாழ்வில் நாம் அறிந்தவை யாவை? யாரை மணந்தார், எவரைப் பிரிந்தார், எப்படி வீழ்ந்தார் என்பவையே. என்ன செய்தார் என்று நாம் கேட்டதில்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' நாயகி டி. பி. இராஜலட்சுமி, 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதித் தயாரித்து இயக்கினார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்த கே. பி. சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய்!

தொலைவு ஏன்? நம் பக்கத்துச் சாமராசநகர்ப் பகுதியிற் பிறந்த எம். வி. இராஜம்மா 1940-இல் தமிழ் 'உத்தமபுத்திர'னின் நாயகி. 1943-இல் கன்னட 'ராதா ரமணா'வின் தயாரிப்பாளர். 1964-இல் 'கர்ண'னின் குந்தி. தாளவாடிப் பக்கத்துக் காஜனூர் ஈன்ற ராஜ்குமாரை இந்நாடு நெஞ்சில் வைத்துப் போற்றுகிறது, மகிழ்ச்சியே. இராஜம்மாவின் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1952-இல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு இணையாக நடித்தவர் பண்டரிபாய். 1969-இல் 'தெய்வமக'னில் சிவாஜியே தந்தை, சிவாஜியே இரு மகன்கள், பண்டரிபாயோ தாய். நாயகன் மீண்டும் இளைஞனாகலாம்; நாயகி ஆகலாகாது. அரசு எழுத்தராகிய நமக்கு அறுபது வயதுவரை நாற்காலி நிலையானது; அவர்களுக்கு முகத்தில் ஒரு கோடு விழுந்தால் நாற்காலி போயிற்று.

சாவித்திரி 1971-இல் 'பிராப்தம்' படத்தை இயக்கியவர். நினைவிழந்து பல மாதங்கள் கிடந்து 1981 டிசம்பர் 26-இல் மறைந்தார். அவருடைய குடியைப் பற்றிப் பேசும் நம் திண்ணைகள், அவருடைய இயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் பேசியதுண்டா?

"திரையுலகம் தூய்மையற்றது, பெண்ணை எப்படி அனுப்புவது?" என்பர் சிலர். அச்சம் பொய்யன்று. கேரளத்தில் 2017-இல் ஒரு நடிகை தாக்கப்பட்டபின் அமைந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024-இல் வெளியாகி, அத்தொழிலின் இருட்டை நாடறியச் செய்தது. ஆயின் குற்றம் எவருடையது? அலுவலகத்தில் மேலதிகாரி தவறு செய்தால், பெண் எழுத்தரையா இகழ்வோம்? பணியிடத்தைத் திருத்துவதை விடுத்துப் பணிசெய்பவளைப் பழிப்பது கோழையின் வழி.

பிழைப்புத் தேடி வந்த ஊரில் தமிழைக் காக்கிறோம் என்று மேடையில் முழங்குகிறோம். அம்மேடையில் மீசை மழித்த ஆடவர் சேலையுடுத்திக் கண்ணகியாக நிற்க, நம் பெண்மக்கள் கீழே அமர்ந்து கைதட்டுவதா தமிழ்த்தொண்டு? அடுத்த ஆண்டு நாடகத்திற்கு எம் மகளின் பெயரை முதற்பெயராக எழுதித் தருகிறோம். இரண்டாம் பெயரைத் தரப்போகும் வீடு எது?