தர்ஜினியின் உயரம்

வலைப்பந்து என்றதும் எங்கள் பிள்ளைகளின் வாயில் முதலில் வரும் பெயர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் பெண் என்றாலும் அவர் கற்றது எமது கிழக்குப் பல்கலைக்கழகத்தில். வாழைச்சேனையிலிருந்து பஸ் ஏறி, கிரான், சித்தாண்டி தாண்டினால் வந்தாறுமூலை. அதனால் அவரிடம் எங்களுக்கும் ஒரு உரிமை இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

2018 இல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய இறுதிப் போட்டியில், சிங்கப்பூர் அணியையே 69க்கு 50 என்று வென்று இலங்கை கிண்ணத்தை எடுத்தது. அன்று சிங்கள மக்களும் தமிழ் மக்களும் ஒன்றாக அவரைக் கொண்டாடினார்கள். இந்த நாட்டில் அப்படிக் கொண்டாடப்பட்ட தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்?

ஆனால் எல்லோரும் பேசுவது அவருடைய உயரத்தைத்தான். ஆறடி பத்து அங்குலம். சிறு வயதில் இதே உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்டதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எங்கள் அயலிலும் ஒரு பிள்ளை இருக்கிறாள். பத்தாம் வகுப்பு. தோளைக் குறுக்கி, குனிந்துதான் நடப்பாள். “இந்த உயரத்துக்கு மாப்பிள்ள எங்ககா தேடுற?” என்று அவளுடைய தாய் அவள் காதுபடவே என்னிடம் கேட்டார். தொலைக்காட்சியில் தர்ஜினிக்குக் கைதட்டியவரும் இதே தாய்தான்!

வெறும் உயரத்தால் பந்து வளையத்துக்குள் விழாது, சகோதரிகளே. வளையம் இருப்பது பத்தடி உயரத்தில். கூடைப்பந்தில் போலப் பின்னால் பலகை கிடையாது. பந்தோடு ஓட முடியாது, மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. 2019 இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் தர்ஜினி 348 கோல்கள் போட்டார். அந்தத் தொடரிலேயே அதிக கோல்கள் அவருடையவை. அப்போது அவருக்கு வயது நாற்பதளவில். நம்மில் பலர் அந்த வயதில் முழங்கால் நோவு என்று எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறோம். அத்தனை கோல்கள் போட்டும் இலங்கைக்குக் கிடைத்தது 16 அணிகளில் 15ஆவது இடம். ஒருவர் எவ்வளவு பிரபலமானாலும் மைதானத்தில் ஏழு பேர் வேண்டும்.

அந்த ஏழு பேர் எங்கிருந்து வருவார்கள்? சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் முதலில் நிற்பது விளையாட்டு. பிள்ளை ‘பெரிய பிள்ளை’ ஆனால் அதற்கும் முன்பே நின்றுவிடும். ஆண் பிள்ளை பின்னேரம் முழுக்கப் பந்தடித்துவிட்டு இருட்டிய பின் வரலாம், அதை யாரும் கேட்பதில்லை.

அந்தத் தாயிடம், பிள்ளையைக் கிழமையில் இரண்டு நாள் மட்டும் பாடசாலை விட்ட பிறகு விளையாட விடும்படி கேட்டிருக்கிறேன். “இவர்ர தகப்பன்ட கேட்டுச் சொல்றன்” என்றார். பாடசாலையில் கம்பம் இல்லை என்ற சாட்டு இனி வேண்டாம். பத்தடி இரும்புக் குழாயும் பதினைந்து அங்குல அகலத்தில் ஒரு வளையமும் போதும். வெல்டிங் கடையில் அளவைச் சொன்னால் செய்து தருவார்கள்.