நுண்ணோக்கியில் ஒரு சிறுபான்மை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

படித்தவன் யாருக்காகப் பேசுகிறான்? 1888ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த ஒரு விருந்தில் இக்கேள்வியை எழுப்பியவர், இந்திய வைசிராய் டஃபரின் பிரபு. மூன்றாண்டுகளுக்கு முன் தோன்றிய காங்கிரசின் படித்த கூட்டத்தை, நுண்ணோக்கி கொண்டு தேட வேண்டிய சிறுபான்மை என்று அவர் எள்ளி நகையாடினார். ஒரு சில பட்டதாரிகள் கோடிக்கணக்கான மக்களின் பிரதிநிதிகள் ஆவார்களா என்பது அவர் வாதம்.

அப்படியானால் அவர் யாருடைய பிரதிநிதி? 1826இல் பிளாரன்ஸ் நகரில் பிறந்த அவருக்கு 15 வயதில் பிரபுப் பட்டம் தந்தை வழியே வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1872இல் கனடாவின் கவர்னர் ஜெனரல், பின்னர் ருஷ்யாவிலும் துருக்கியிலும் தூதர், 1884இல் இந்திய வைசிராய் என்று பதவிகள் அணிவகுத்து வந்தன. அவற்றுள் ஒன்றேனும் மக்கள் வாக்கால் வந்ததன்று. 1886 ஜனவரி முதல் நாள் மேல் பர்மாவைப் பிரிட்டிஷ் ஆட்சியுடன் இணைத்தபோதும் பர்மிய மக்களை யாரும் கேட்கவில்லை. அந்நாட்டின் பழைய தலைநகரான ஆவாவின் பெயர் மட்டும் அவருடைய பட்டத்தில் ஏறிக்கொண்டது!

ஆயினும் அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. 1847இல், மாணவப் பருவத்திலேயே, அயர்லாந்துப் பஞ்சத்தை நேரில் காண ஸ்கிபரீன் என்ற ஊருக்குச் சென்று, கண்டதை எழுதி வெளியிட்டவர் அவர். காங்கிரசை ஏளனம் செய்த அதே ஆண்டில், சட்டசபைகளை விரிவாக்கலாம் என்று லண்டனுக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. 1892ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அது வழிவகுத்தது. மேடையில் ஏளனம், கோப்பில் சலுகை! இதுதான் ராஜதந்திரம் போலும்.

கேட்டவர் மறைந்தார், கேள்வி மறையவில்லை. என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அக்கேள்வி என்னையும் சுடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியே பாரமீசியத்தைக் காண்கிறோம். அது சிறியதுதான், ஆனால் உயிருள்ளது. அதைச் சுற்றியுள்ள நீர்த்துளி வற்றினால்தான் அது மடிகிறது. படித்தவனைச் சூழ்ந்திருக்க வேண்டிய நீர், அவன் பிறந்த மண்ணின் மக்களே.

ரேஷன் அட்டைக்கு மனு எழுதித் தரும்படி வந்து நிற்கும் ஊர்ப் பெரியவரிடம் "நேரமில்லை" என்று சொல்லும் ஒவ்வொரு பட்டதாரியும், டஃபரின் பிரபுவின் கட்சிக்கு ஒரு வாக்கு அளிக்கிறான். நண்பர்களே, அந்த வாக்கை நாம் அளிக்க வேண்டாம்.