ஹாஸ்டல் ஜன்னலில் ஏலச்செடி நிக்குமா?
மலையில் ஆளுயரம்... அறைக்குள் அரை உயிர்! போடி மாணவர்களுக்கு ஏற்ற செடி எது?

போடிநாயக்கனூர்:-

காலேஜ் திறக்கிற சமயம் வந்துவிட்டால் போடி பஸ் நிலையத்தில் பெட்டி, படுக்கை, பக்கெட்டோடு பிள்ளைகள் வந்து இறங்குவது வழக்கமான காட்சி. இப்போது சிலர் கையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு பூந்தொட்டி!

வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு ஜன்னலோரம் கொஞ்சம் பச்சை இருந்தால் மனசுக்கு ஆறுதல்தான். அதில் தப்பில்லை. ஆனால் எந்தச் செடி? அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

"நம்ம செடிதானே!"

ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளும், விடியற்காலையில் ஜீப் ஏறி மெட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் ஏராளம். "நம்ம செடிதானே" என்று ஏலத்தூர் ஒன்றைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைக்கத் தோன்றும்.

வைத்தால் தேறாது!

போடிமெட்டு 4 ஆயிரம் அடிக்கு மேல். போடி நகரமோ ஆயிரத்துச் சொச்சம் அடிதான். மேலே மரநிழல், பனிமூட்டம், இலை மக்கிய ஈர மண். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப்பக்கம் பெரும்பாலும் காற்றைத்தான் அனுப்புகிறது. ஏலச்செடியின் வேர் ஆழம் போகாது. மேல் மண் காய்ந்தால் செடி துவண்டுவிடும். அறையில் ஓடும் பேன் காற்று ஒன்றே போதும், இலை நுனி கருகுவதற்கு. தப்பிப் பிழைத்தாலும் 6 அடி, 8 அடி என்று ஆளைத் தாண்டி வளரும் சாதி அது. கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கே நிறுத்துவது?

வறண்ட மண்ணுக்கு மருள்

மலையைப் பார்க்காமல் அடிவாரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வறண்ட காடு, வேலி ஓரங்களில் யாரும் தண்ணி ஊற்றாமலே நிற்கிறதே மருள்! அந்தக் காலத்தில் அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரன்தான், இலை ஓரத்தில் மஞ்சள் கரை போட்டுக்கொண்டு 'ஸ்நேக் பிளாண்ட்' என்ற பெயரில் நர்சரிகளில் விற்கிறது.

இரண்டு வாரம் தண்ணி மறந்தாலும் அசையாது. வெளிச்சம் குறைந்த அறையிலும் காலம் தள்ளும். அதைக் கொல்ல ஒரே வழி, பாசத்தில் தினமும் தண்ணி ஊற்றுவது. கிழங்கு அழுகி, இலை அடியோடு சாயும். மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும்.

சோற்றுக் கற்றாழையும் இதே ரகம். ஆனால் அதற்கு வெயில் படும் ஜன்னல் தேவை. இருட்டு மூலையில் வைத்தால் வெளுத்து, நீண்டு, தலை தொங்கும்.

ராத்திரி ஆக்சிஜன் கதை

விற்கிறவர்கள் ஒரு கதையும் சேர்த்து விற்கிறார்கள். "இது ராத்திரியிலே ஆக்சிஜன் விடும், காற்றைச் சுத்தம் பண்ணும்" என்று!

பாதிதான் நிஜம். மருள் வகைச் செடி, தண்ணீரை மிச்சம் பிடிக்க, ராத்திரியில் இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும். ஆகவே அந்த வேலை பகலில்தான் நடக்கும்.

காற்றுச் சுத்தம் என்ற பேச்சு 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் நடந்த சோதனை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பல சோதனைகளைக் கூட்டிக் கணக்குப் பார்த்து 2019-ல் முடிவு சொன்னார்கள். சாதாரணமாகக் கட்டிடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்கிற சுத்தத்தைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டுமாம்! மூன்று பேர் படுக்கும் அறையில் அப்புறம் ஆள் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறந்து வையுங்கள். செலவு இல்லை.

பாட்டிலில் மணி பிளாண்ட்: உஷார்!

ஹாஸ்டல்களில் அதிகம் தென்படுவது மணி பிளாண்ட். பக்கத்து அறையில் ஒரு கொடி கிள்ளி வந்து பாட்டில் தண்ணீரில் போட்டால் முடிந்தது வேலை. காசு கிடையாது.

வம்பு அந்தத் தண்ணீரில் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிரியம். முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் 8 முதல் 10 நாள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் தப்பிக்கலாம். ஆனால் கொட்டி ஊற்றினால் மட்டும் போதாது. பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான்.

மழைக்காலத்தில் வார்டன் வந்து பாட்டிலைக் கொட்டினால் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. காய்ச்சல் ஒரு அறையோடு நிற்காதே, அவர் என்ன செய்வார்? சண்டை வேண்டாமென்றால் மணி பிளாண்டை மண்ணில் வைத்துவிடலாம். அங்கேயும் அது நன்றாகவே வளரும்.

இன்னொன்று: மணி பிளாண்ட் இலையைக் கடித்தால் வாய் எரியும், நாக்கு தடிக்கும். ஊருக்குக் கொண்டுபோகும்போது தவழும் குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது நல்லது.

லீவு விட்டால்?

செடிக்கு உண்மையான பரீட்சை மே மாதம்தான். அறை பூட்டிக் கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தும். பாட்டில் தண்ணீர் வற்றும். மணி பிளாண்ட் வைத்திருப்பவர்கள் கையோடு எடுத்துப் போவதே வழி. 12 வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்த போடிக்கு 2023 ஜூன் மாதம் ரயில் திரும்பி வந்துவிட்டதால், மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மடியில் வைத்துக் கொண்டுபோவதும் சிரமமில்லை.

மருள் வைத்திருப்பவர்கள் கிளம்புகிற அன்று ஒரு சொம்புத் தண்ணி ஊற்றி, நேர் வெயில் படாத மூலைக்குத் தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டலாம். திரும்பி வரும்போது இலையில் தூசி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சரி.