ஆளுக்கொரு சார்ஜர் எதற்கு?



நம் ஒர்க் ஷாப்பில் கிடக்கும் ஒரு எம்-10 போல்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கோயம்புத்தூரில் செய்திருக்கலாம், லூதியானாவில் செய்திருக்கலாம். எந்த ஹார்டுவேர் கடைக்குப் போய் சாதாரண எம்-10 நட் ஒன்று கேட்டு வாங்கினாலும் பொருந்திவிடும். "தம்பி, உன் போல்ட்டு எந்தக் கம்பெனி?" என்று கடைக்காரர் கேட்பதே இல்லை.

இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை திரெட் அளவு வேறு வேறாக இருந்தது. ஒரு பட்டறையில் செய்த நட் அடுத்த பட்டறை போல்ட்டில் ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், திரெட்டின் கோணம் 55 டிகிரி, இன்ன விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை திரெட் என்று ஒரே அளவை முன்வைத்தார். ரயில்வே கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டன, அது பரவியது. நம் வீட்டு பல்பு ஹோல்டரும் அப்படித்தான். எந்தக் கம்பெனி பல்பு வாங்கினாலும் மாட்டித் திருப்பினால் எரிகிறது.

ஆனால் சார்ஜர் விஷயத்தில்? வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். நோக்கியா பெரிய பின், நோக்கியா சின்ன பின், மினி யூ.எஸ்.பி., மைக்ரோ யூ.எஸ்.பி., லைட்னிங், டைப்-சி, ட்ரிம்மருக்கு ஒன்று, டார்ச் லைட்டுக்கு ஒன்று. பாம்புப் புற்று மாதிரி ஒயர் சுருண்டு கிடக்கும். போனும் டார்ச்சும் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகியும், அவற்றின் சார்ஜர் மட்டும் "எதுக்காவது ஆகும்" என்று உயிரோடு இருக்கும். எதுக்கும் ஆகாது என்பது நமக்கே தெரியும்!

எல்லாக் கருவிக்கும் ஒரே சார்ஜர் என்ற நிலை கம்பெனிகளின் பெருந்தன்மையால் வராது, சட்டத்தால்தான் வரும் என்பது என் கருத்து. அந்தச் சட்டமும் துளையின் வடிவத்தோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆகும்.

கேட்டுப் பார்த்த கதை

இதற்கு ஐரோப்பாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2009-ல் அங்கே மொபைல் போன்களுக்குச் சுமார் 30 வகை சார்ஜர்கள் இருந்தன. ஐரோப்பிய ஆணையம் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசியது. நோக்கியா, மோட்டரோலா, சாம்சங், ஆப்பிள் உள்ளிட்ட கம்பெனிகள் மைக்ரோ யூ.எஸ்.பி.யைப் பொதுவாக வைத்துக்கொள்கிறோம் என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இது சட்டம் இல்லை, விருப்ப ஒப்பந்தம்.

பலன் இல்லாமல் போகவில்லை. 30 வகை 3 வகையாகக் குறைந்தது. ஆனால் அந்த மூன்று ஒன்றாகவே இல்லை. காரணம், ஒப்பந்தத்தில் ஒரு சந்து இருந்தது. போனில் வேறு துளை வைத்துவிட்டு, நடுவில் மாட்ட ஒரு அடாப்டர் விற்றால் போதும், ஒப்பந்தத்தை மதித்ததாக ஆகிவிடும். 2012-ல் ஆப்பிள் தன் லைட்னிங் துளையைக் கொண்டுவந்தது இப்படித்தான். 2014-ல் ஒப்பந்தக் காலமும் முடிந்தது. தவிர, அது போனுக்கு மட்டும்தான். கேமரா, ஹெட்போன், ஸ்பீக்கர் எல்லாம் அவரவர் இஷ்டம்.

நாலு கடைக்காரர்கள் சேர்ந்து "எல்லாரும் சரியான எடைக்கல் வைத்துக்கொள்வோம்" என்று பேசி முடித்த மாதிரிதான் இது. மூன்று பேர் வைப்பார்கள். நாலாவது ஆளைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

சட்டம் போட்ட கதை

கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்துக்கே வந்தது. 2022 அக்டோபர் 4-ம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 602, எதிர்ப்பு 13, நடுநிலை 8. அப்படி வந்த உத்தரவின் எண் 2022/2380. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் மொபைல், டேப்லட், டிஜிட்டல் கேமரா, ஹெட்போன், இயர்பட்ஸ், கையடக்க வீடியோ கேம், ஸ்பீக்கர், மின்நூல் கருவி, கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றிலும், ஒயர் மூலம் சார்ஜ் ஆவதாக இருந்தால், டைப்-சி துளை இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு மட்டும் 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

2012 முதல் பதினோரு வருஷம் அசையாத லைட்னிங் என்ன ஆயிற்று? சட்டம் அமலுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே, 2023 செப்டம்பரில் ஐபோன் 15 டைப்-சியோடு வந்து நின்றது. ஐரோப்பாவில் மட்டுமா? நம்ம ஊர்க் கடையிலும் அதே போன்தான். ஒரு சந்தையில் போட்ட சட்டம் உலகத்துக்கே துளையை மாற்றிவிட்டது.

"அட, ஒரு ஒயருக்குப் போய் சட்டமா?" என்று கேட்கலாம். ஐரோப்பாவில் தூக்கிப் போடப்படும், உபயோகப்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் வருஷத்துக்குச் சுமார் 11,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்று ஆணையம் கணக்குச் சொன்னது. லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால் 1,100 லாரி! தேவையில்லாத சார்ஜர் வாங்கும் செலவில் மக்களுக்கு வருஷம் 25 கோடி யூரோ வரை மிச்சமாகும் என்றும் சொன்னது. செம்பு, பிளாஸ்டிக், ஈயப்பற்று, அதைச் செய்த உழைப்பு எல்லாம் அலமாரியில் தூங்குகிறது என்றால் இது ஒயர் விஷயம் மட்டும் இல்லையே.

துளை ஒன்றானால் போதுமா?

இங்கேதான் மின்னணுவியல் படிக்கிற நாம் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். டைப்-சியில் 24 பின்கள் இருக்கின்றன. அதில் சி.சி. என்று இரண்டு பின். கருவி தன் பக்கத்தில் இந்த இரண்டு பின்னிலிருந்தும் தரைக்கு 5.1 கிலோ ஓம் மின்தடை ஒவ்வொன்று வைத்திருக்க வேண்டும். டைப்-சி சார்ஜர் அந்த மின்தடையைப் பார்த்த பிறகுதான், "ஓ, மறுபக்கம் ஆள் இருக்கிறது" என்று 5 வோல்ட்டைத் திறந்துவிடும். பார்க்காவிட்டால் ஒன்றும் தராது. அதற்குமேல் 9, 15, 20 வோல்ட் வேண்டுமானால் பவர் டெலிவரி என்ற முறையில் சார்ஜரும் கருவியும் இதே சி.சி. வழியாகப் பேசி முடிவு செய்துகொள்ளும்.

இப்போது மலிவு விலை டார்ச் லைட், ட்ரிம்மர், குட்டி ஃபேன் சிலவற்றைப் பாருங்கள். வெளியே டைப்-சி துளை அழகாக இருக்கும். உள்ளே அந்த இரண்டு மின்தடை இருக்காது. பழைய சதுர யூ.எஸ்.பி. சார்ஜரில் மாட்டினால் ஏறும். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில், நல்ல புது சார்ஜரில் மாட்டினால் ஏறாது! வாங்கியவர் என்ன நினைப்பார்? "சார்ஜர் போச்சு" என்று இன்னொரு சார்ஜர் வாங்குவார். சில பைசா பெறும் மின்தடையை மிச்சம் பிடித்ததற்குப் பொதுஜனம் நூறு, இருநூறு தண்டம் அழ வேண்டியிருக்கிறது.

மலிவுப் பொருளில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4 பலகையில், இரண்டு சி.சி. பின்னுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டிய மின்தடையை ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டார்கள். உள்ளே சிப் பொருத்திய உயர்ந்த ரக கேபிளை மாட்டியபோது, சார்ஜர் அந்தப் பலகையை ஆடியோ அடாப்டர் என்று எண்ணி மின்சாரம் தர மறுத்தது. அடுத்த திருத்தத்தில் சரிசெய்தார்கள். கெட்டிக்காரர்களே சறுக்கிய இடம் இது!

கேபிளிலும் இதே கூத்து. ஒன்று 3 ஆம்பியர் தாங்கும், இன்னொன்று 5 ஆம்பியர் தாங்கும், மூன்றாவது சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. மூன்றும் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள் மாதிரி இருக்கும். மேலே ஒரு எழுத்தும் இருக்காது.

ஐரோப்பியச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். துளையோடு அது நிற்கவில்லை. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும் கருவி என்றால் பவர் டெலிவரி முறையை ஏற்க வேண்டும். கம்பெனிக்குச் சொந்தமான வேக சார்ஜிங் கூடுதலாக இருக்கலாமே தவிர, அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது. எத்தனை வாட் வேண்டும் என்பதைப் பெட்டியில் படம் போட்டுக் காட்ட வேண்டும். சார்ஜர் இல்லாமல் கருவியை மட்டும் வாங்கும் வழியும் இருக்க வேண்டும்.

புதுமை கெட்டுவிடுமா?

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். "சட்டம் போட்டுத் துளையை முடக்கிவிட்டால் இதைவிட நல்லது எப்படி வரும்?" என்று ஆப்பிள் கேட்டது. கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. 2009-லேயே மைக்ரோ யூ.எஸ்.பி.யைக் கல்லில் வெட்டியது போலச் சட்டமாக்கியிருந்தால், 2014-ல் டைப்-சி வந்தபோது திண்டாடியிருப்போம்.

ஆனால் பதிலும் இருக்கிறது. தொழில்நுட்பம் வளர வளர தரநிலையை மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தை ஐரோப்பியச் சட்டம் ஆணையத்துக்கே கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சட்டம் இயற்ற வேண்டியதில்லை. டைப்-சியை உருவாக்கியதும் அரசாங்க அதிகாரிகள் இல்லை, கம்பெனிகளே கூடி உருவாக்கியதுதான். ஆப்பிளே 2015-ல் தன் மேக்புக்கில் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு டைப்-சி துளை வைத்தது. லேப்டாப்புக்கு நல்லதாக இருந்தது போனுக்கு மட்டும் எப்படிக் கெட்டதாகும்? புதுமை துளைக்குப் பின்னால் இருக்கட்டுமே! பேட்டரியில் செய்யட்டும், சிப்பில் செய்யட்டும்.

"பழையதை எல்லாம் தூக்கிப் போட்டால் அதுவும் குப்பைதானே?" என்ற கேள்வியும் சரிதான். அதனால்தான் சட்டம் புதிதாகச் சந்தைக்கு வருவதற்கு மட்டும் பொருந்துகிறது. கையில் இருப்பது உழைக்கிற வரை உழைக்கட்டும்.

நம் நாட்டுக்கு வருவோம்

2022 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில் ஸ்மார்ட்போன், டேப்லட், லேப்டாப் ஆகியவற்றுக்கு டைப்-சி என்று கருத்தொற்றுமை ஏற்பட்டது. ஃபீச்சர் போனுக்கு வேறொரு துளை வைக்கலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் இந்தியத் தரநிர்ணய அமைவனம் டைப்-சிக்கான இந்தியத் தரநிலையை வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் தரநிலையை வெளியிடுவது வேறு, அதைக் கட்டாயமாக்குவது வேறு. 2009-ல் ஐரோப்பா படித்த பாடத்தை நாம் மறுபடி முதல் வகுப்பிலிருந்து படிக்க வேண்டுமா?

நாம் கேட்க வேண்டியவை இவைதான்:

1. ஃபீச்சர் போன், டார்ச், எமர்ஜென்சி லைட், ட்ரிம்மர் எல்லாம் இதற்குள் வர வேண்டும். ஸ்மார்ட்போனுக்கு ஒன்று, பட்டன் போனுக்கு இன்னொன்று என்றால், கூலி வேலைக்குப் போகிற அப்பா ஒரு சார்ஜரும் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒரு சார்ஜரும் வாங்க வேண்டும். இருப்பதிலேயே குறைந்த காசு வைத்திருப்பவர் தலையில்தான் அந்தச் செலவு விழும்.

2. சோதனை துளையின் அளவோடு முடியக் கூடாது. சி.சி. மின்தடை சரியாக இருக்கிறதா, எந்த நல்ல சார்ஜரிலும் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும்.

3. கேபிளின் மேலேயே எத்தனை வாட், டேட்டா உண்டா இல்லையா என்று அழியாமல் அச்சிட வேண்டும்.

4. பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தால் விலையையும் குறைக்க வேண்டும். "சுற்றுச்சூழல்" என்று சொல்லி எடுத்துவிட்டு அதையே தனியாக விற்பது யாருக்கு லாபம்? பிரேசில் அரசு இந்தக் கேள்வியைக் கேட்டு, சார்ஜர் இல்லாத ஐபோனுக்காக 2022 செப்டம்பரில் ஆப்பிளுக்கு அபராதமே போட்டது.

தோழர்களே, சர்வீஸ் கடை மேசையிலும், மொபைல் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனிலும், சோதனைக் கூடத்திலும் நாளை உட்காரப்போவது நாம்தான். "சார்ஜ் ஏறல தம்பி" என்று ஒரு பெரியவர் டார்ச்சை நீட்டும்போது, போர்ட்டை மாற்றி முந்நூறு ரூபாய் பில் போடுவதும் நம் கையில். திறந்து பார்த்து இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடையைப் பற்றவைத்துக் கொடுப்பதும் நம் கையில். இறுதியாண்டு பிராஜெக்டில் டைப்-சி வைக்கிறவர்கள் அந்த இரண்டு மின்தடையை மறக்காதீர்கள். கடையில் வாங்கும்போது, "அண்ணே, சி-டு-சி கேபிளில் ஏறுமா, போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், ஏறாத சரக்கைக் கடைக்காரர் அடுத்த முறை எடுக்கத் தயங்குவார்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் வேண்டாம் என்றும் இருந்துவிடக் கூடாது. கேட்போம், உரக்கக் கேட்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை