முற்றத்தில் நிற்கும் மின்சாரம்

2019 அக்டோபரில் வடக்குக் கலிபோர்னியாவில் மின்சாரம் நின்றது. புயலோ நிலநடுக்கமோ காரணமல்ல. மின் நிறுவனமே வேண்டுமென்று நிறுத்தியது. முந்தைய ஆண்டு நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரை அழித்து 85 பேரைக் கொன்ற தீ, பிஜி அண்ட் இ என்ற அந்த மின் நிறுவனத்தின் பழைய மின்தடத்திலிருந்து கிளம்பியது. அதன் பிறகு, வறண்ட காற்று பலமாக வீசும் நாள்களில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவது அங்கே வழக்கமாகிவிட்டது. அந்த அக்டோபர் மாதத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருட்டில் இருந்தார்கள். சில இடங்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது.

கூரையில் சோலார் வைத்திருந்த பல வீடுகளிலும் விளக்கு எரியவில்லை. பலருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. ஊர் மின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் சோலார் இன்வர்ட்டர், வெளியே மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரியும் அதற்கேற்ற இணைப்பும் இல்லாத வீட்டில், கூரை மேல் கொட்டும் வெயிலால் பெரும்பாலும் ஒரு பல்பைக்கூட எரிய வைக்க முடியாது.

முழு வீட்டுக்குமான பேட்டரி அங்கே பத்தாயிரம் டாலரைத் தாண்டும். ஆனால், அமெரிக்காவில் பல லட்சம் குடும்பங்களிடம் மோட்டார்ஹோம் அல்லது அதுபோன்ற பயண ஊர்தி இருக்கிறது. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் கொண்ட மோட்டார்ஹோமில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனி, விளக்குக்கும் பம்புக்கும் உள்ள பேட்டரி தனி. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் அந்த இரண்டாவது பேட்டரியை மின்தடைக்கு ஏன் பயன்படுத்தக் கூடாது? நியாயமான கேள்வி. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பேட்டரியிலிருந்தும் சோலார் பேனலிலிருந்தும் திட்டத்தைத் தொடங்குவதுதான் தவறு. முதலில் போட வேண்டியது வீட்டுச் செலவுக் கணக்கு.

நான்கு எல்இடி பல்பு, இணைய ரவுட்டர், கைப்பேசிகள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கான சீபேப் கருவி: இவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் அளவில் முடிந்துவிடும். ஃப்ரிட்ஜ் ஒன்று மட்டுமே ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் மொத்தம் இரண்டேகால் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி பேட்டரி. மோட்டார்ஹோம்காரர்கள் பலர் விரும்புவது கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரி. 225 ஆம்பியர் மணி கொண்ட இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டில் 2.7 யூனிட். ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், கையில் நிற்பது 1.35 யூனிட்தான். ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றால் இது போதும். 300 வாட் பேனலும் போதும். ஃப்ரிட்ஜும் வேண்டும் என்றால் பேட்டரி நான்காகும், பேனல் 600 வாட்டாகும், செலவு இரு மடங்காகும். ஆக, திட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது ஃப்ரிட்ஜ் என்ற அந்த ஒரு பெட்டிதான்.

அதற்கும் வழி அந்த ஊர்திக்குள்ளேயே இருக்கிறது. பழைய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் உள்ள ஃப்ரிட்ஜ் சமையல் வாயுவிலும் ஓடும்; அப்போது பேட்டரியிலிருந்து சொற்பமான மின்சாரமே எடுக்கும். பாலையும் இறைச்சியையும் மருந்தையும் அதற்கு மாற்றிவிட்டால், வீட்டு ஃப்ரிட்ஜை மறந்துவிடலாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவதை விட, அதை ஊர்தியிலேயே விட்டு, அங்கிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் வயரை வீட்டுக்குள் இழுப்பதே பல குடும்பங்களுக்கு உகந்தது. ஈய அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பேட்டரியின் இடம் காற்றோட்டமுள்ள பெட்டிதான், படுக்கையறை அல்ல.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கலாம். 100 ஆம்பியர் மணிப் பேட்டரி சுமார் 12 கிலோதான். ஏறத்தாழ முழுவதையும் பயன்படுத்தலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பனி விழும் சியரா மலையடிவாரத்தில் இது சிறிய விஷயம் அல்ல. ஊர்தியின் பழைய சார்ஜரும் லித்தியத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்.

காட்டுத்தீக் காலத்தில் வெயிலையும் முழுதாக நம்ப முடியாது. 2020 செப்டம்பரில் புகை மூடியபோது கலிபோர்னியாவின் சோலார் உற்பத்தியே சரிந்தது. எனவே ஒரு நாள் தேவைக்குப் பேட்டரி வைத்தவர், இரண்டாம் நாள் எதை அணைப்பது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்கள் இரண்டு. 12 வோல்ட்டில் 1000 வாட் எடுத்தால், இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து வயரில் 90 ஆம்பியர் அளவுக்கு ஓடும். தடித்த வயரும், பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸும் இல்லையென்றால், தீக்குப் பயந்து செய்த ஏற்பாடே தீயைக் கொண்டுவரும். இன்னொன்று, இருபுறமும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க மின்சாரம் ஏற்றும் பழக்கம். தெருவில் கம்பியைச் சரிசெய்யும் தொழிலாளியை அது கொல்லக்கூடும். வீட்டு வயரிங்கோடு சேர்க்கத்தான் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பொருத்திய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வேண்டும்.

ஜெனரேட்டர் மலிவாயிற்றே என்பார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது, வீட்டுக்குள்ளும் கராஜிலும் ஜெனரேட்டரையும் காரையும் ஓட்டியவர்களில் சிலர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தார்கள். பேட்டரியில் அந்தப் புகை இல்லை.

மருத்துவக் கருவிகளை நம்பி வாழும் வாடிக்கையாளர்களுக்கு பிஜி அண்ட் இ தூக்கிச் செல்லக்கூடிய பேட்டரி கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஏற்கெனவே வாசலில் பேட்டரியோடு ஊர்தி வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேட்டரி தேவையில்லை. தங்கள் வயரையும் ஃபியூஸையும் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வதுதான் தேவை. ஒவ்வொரு ஆண்டும் தீக்காலம் தொடங்கும் முன் அந்தச் சோதனையை இலவசமாகச் செய்து தருவதை உள்ளூர் நிர்வாகங்களும் மின் நிறுவனங்களும் ஏற்க வேண்டும்.