நடந்தவர் ஒருவர், மதிப்பெண் இன்னொருவருக்கா?

பொதுத்தேர்வு விடைத்தாளில் டம்மி எண் போடுகிறார்கள். திருத்துபவருக்கு மாணவரின் பெயரோ ஊரோ தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளியில் தொடங்கிய 'பிரச்சினைவழிக் கற்றல்' இப்போது நம் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது. ஒரு நிஜப் பிரச்சினையைக் குழுவாக ஆராய வேண்டும். மனப்பாடத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் இங்கே டம்மி எண் கிடையாது. முகம், பெயர், பேசும் ஆங்கிலம் எல்லாம் தெரியும். 'பங்கேற்பு', 'தலைமைப் பண்பு' என்று போடும் மதிப்பெண்ணுக்கு ஆசிரியரின் பார்வையே அளவுகோல்.

என் ஊர் நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். இங்கே நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரியை வெட்ட முடியும். இதற்கும் சுற்றுக் கிராமங்களின் போர்வெல்லுக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் தெருத்தெருவாகப் போய் ஆழம் கேட்டுக் குறித்து வருகிறாள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பையன் அதை ஸ்லைடாக்கி ஆங்கிலத்தில் பேசுகிறான். மதிப்பெண் யாருக்கு? ஆய்வு மாணவனாக நான் உட்கார்ந்த வாய்மொழித் தேர்வுகளில் இதன் சாயலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இது வெறும் சந்தேகமல்ல. தில்லி எய்ம்ஸில் நிலவிய பாகுபாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழுவின் 2007 அறிக்கை, செய்முறை, வாய்மொழித் தேர்வுகள் பற்றிய தலித், பழங்குடி மாணவர்களின் புகார்களைப் பதிவு செய்தது. ரீமா ஹன்னாவும் லீ லிண்டனும் இந்தியாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள் முகப்பில் சாதியை மாற்றி மாற்றிக் குறித்துத் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்குச் சராசரியாக மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் முகமே பார்க்காமல் விழுந்த வித்தியாசம் அது.

அதற்காக மனப்பாடத் தேர்வுக்குத் திரும்ப வேண்டியதில்லை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். களப்பணிக்கும் மேடைப் பேச்சுக்கும் சம மதிப்பு வேண்டும். குழுவில் பொறுப்புகள் சுழல வேண்டும். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரட்டும்; அதை வேறொரு ஆசிரியர் டம்மி எண்ணில் திருத்தட்டும். போட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் கேட்கும் உரிமையும் வேண்டும்.

ஆசிரியரின் நல்ல மனதை நம்பியிருப்பது சலுகை; எழுதிவைத்த விதியே உரிமை. அடுத்த பிராஜெக்ட் தொடங்கும் நாளில், தலைப்பைக் கேட்கும் முன் அந்த விதியைக் கேளுங்கள்.