செங்கடலின் செலவு திருப்பூர் தலையிலா?

ஏற்றுமதிக் கடனுக்கான வட்டி மானியத்தை 2024 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்ட டெல்லி, 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டிலும் அதற்கு உயிர் கொடுக்கவில்லை. ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கம் என்று 2,250 கோடி ரூபாய்க்கு ஓர் அறிவிப்பு வந்தது. அது யாருக்கு, எந்த விதியில், எப்போது என்பது மார்ச் பிறந்த பிறகும் புலப்படவில்லை. அந்த இடைப்பட்ட காலத்துக்குத் திருப்பூர் முழு வட்டி கட்டியது. மானியத்தை நிறுத்திய முடிவு தவறு. எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தால், அநியாயம் என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

2023 நவம்பர் 19-இல் 'கேலக்ஸி லீடர்' கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள் ஏமன் ஹூதிகள். அதன்பின் ஏவுகணையும் ட்ரோனுமாகச் செங்கடல் வாசலை அடைத்தார்கள். பெரிய கன்டெய்னர் கம்பெனிகள் சூயஸை விட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குப் பத்துப் பதினைந்து நாள் கூடியது. 2023 நவம்பரில் 1,400 டாலர் அளவில் இருந்த நாற்பதடிப் பெட்டியின் உலகச் சராசரி வாடகை 2024 ஜூலையில் 6,000 டாலரை நெருங்கியது. 2025 ஜனவரியில் காசாவில் போர்நிறுத்தம் வந்தும் பெரிய கப்பல்கள் உடனே பழைய பாதைக்குத் திரும்பவில்லை. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாற்றி அனுப்பும் நமது பனியனும் டி-சர்ட்டும் அப்போதும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போயின.

எஃப்.ஓ.பி. விலைக்குத்தானே விற்கிறீர்கள், கப்பல் வாடகை பையர் பாடுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு ஆர்டர் முடியும் வரை கூட இருந்து பார்க்கவேண்டும். வாடகை ஏறியதும் பையர் செய்யும் முதல் வேலை, அடுத்த ஆர்டரில் பீஸுக்கு இத்தனை சென்ட் குறை என்று மெயில் அனுப்புவது. சரக்கு கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் கெடு என்று பேசி வைத்திருப்பவர்கள், கப்பல் தாமதித்த நாள் அத்தனைக்கும் பணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். கோடைக்கால ஆர்டர் சீசனுக்குள் போய்ச் சேராது என்று தெரிந்தால், பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்பு என்கிறார்கள். அந்த வாடகையை யார் கட்டுவது என்ற பேச்சு பெரும்பாலும் திருப்பூர்க்காரர் கட்டுவதில்தான் முடியும்.

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடி ரூபாய் ஆர்டர். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அட்டைப்பெட்டியில் ஏறும் வரை எல்லாமே பேங்க் கொடுக்கும் பேக்கிங் கிரெடிட்டில் நடக்கிறது. ஷிப்மெண்ட் போன பிறகும் பையர் பணம் வரும் வரை அந்தக் கடன் ஓடுகிறது. ஆறு மாதம் ஓடினால் மூன்று சதவீத மானியம் என்பது ஒன்றரை லட்சம் ரூபாய். பின்னலாடையில் லாபம் நிற்கும் இடமே அந்த ஒன்றிரண்டு சதவீதம்தான். பத்து சதவீத வட்டியில் பதினைந்து நாள் கூடினால் இன்னும் 41,000 ரூபாய். வட்டி கூடுதலாக ஓடிய அதே காலத்தில், வட்டிக்குத் தந்துவந்த கைத்தாங்கலையும் பிடுங்கினார்கள்.

வெளிநாட்டுப் பணம் தாமதிக்கலாம். சனிக்கிழமைச் சம்பளம் தாமதிக்க முடியாது. பாண்டியன் நகரிலும் அனுப்பர்பாளையத்திலும் பத்துப் பதினைந்து மிஷின் போட்டு ஓவர்லாக், ஃபிளாட்லாக் ஓட்டுகிற ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் நிற்பார். அவரை நம்பி டெய்லர்கள் பட்டறையில் இருப்பார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் சட்டம் வேறு இருக்கிறது. பட்டறைக்காரர்களைக் காக்கும் நல்ல சட்டம் அது. நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் உள்ளே 45 நாளில் கொடு என்று கட்டாயப்படுத்தும் அரசு, வெளியே 120 நாள் ஆகியும் பணம் வராதவருக்கு இருந்த ஒரே இளைப்பாறுதலை எடுத்தது எந்தக் கணக்கில் நியாயம்?

எடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் இது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஒரு காலத்தில் ஐந்து சதவீதம் இருந்தது, 2021-இல் மூன்றாகக் குறைந்தது. 2024 ஜூனில் முடியவேண்டியதை முதலில் இரண்டு மாதம் நீட்டினார்கள். ஆகஸ்ட் கடைசி நாளில் இன்னொரு மாதம். செப்டம்பர் கடைசி நாளில் மூன்று மாதம். ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 50 லட்சம் என்று உச்சவரம்பும் போட்டார்கள். அடுத்த கோடைக்கு இன்றே விலை சொல்லவேண்டிய தொழிலுக்கு, அடுத்த மாதம் வட்டி எவ்வளவு என்றே தெரியாத நிலை. டிசம்பர் 31 இரவு அதுவும் நின்றது. செங்கடல் திறந்துவிட்டது என்று யாராவது அவர்களிடம் சொன்னார்களா?

இதை வெறும் மானியப் பேச்சாகச் சுருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லை தாண்டிய பயங்கரவாதத்தை எதிர்ப்பதில் உலகத்துக்கே வழிகாட்டுவதாகச் சொல்லும் நாடு நமது நாடு. அதற்கான சர்வதேச உடன்படிக்கை வரைவை 1996-இலேயே ஐ.நா.வில் வைத்தது இந்தியாதான். யார் பயங்கரவாதி என்பதில் நாடுகள் ஒத்துப்போகாததால் அது இன்றுவரை கிடப்பில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அபுதாபியில் ஹூதி தாக்குதலில் இரண்டு இந்தியர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே ஹூதிகளைப் பயங்கரவாதக் குழு என்று குறிப்பிட்ட பாதுகாப்பு சபைத் தீர்மானம் 2624-க்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அந்த அக்டோபரில் சபையின் பயங்கரவாத எதிர்ப்புக் குழுவை மும்பைக்கும் டெல்லிக்கும் வரவழைத்துக் கூட்டமும் நடத்தினோம். பெருமைதான். ஆனால் ஹூதிகளால் முதல் அடி வாங்கிய இந்தியத் தொழில்களில் ஒன்றுக்கு அந்தப் பெருமையிலிருந்து என்ன வந்தது?

சட்டத்தின் நிலையையும் பார்க்கலாம். கடற்சட்ட உடன்படிக்கைப்படி பாப் எல் மண்டேப் எல்லாக் கப்பல்களும் தடையின்றிக் கடக்கவேண்டிய நீரிணை. ஆனால் அதே உடன்படிக்கையில் கடற்கொள்ளை என்பது தனிப்பட்ட நோக்கத்துக்காக ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைத் தாக்குவது. கரையிலிருந்து அரசியல் நோக்கத்தோடு ஏவுகணை விடுகிறவன் அதற்குள் வரமாட்டான். ஐ.என்.எஸ். கொல்கத்தா 2024 மார்ச்சில் 'ரூயென்' கப்பலை மீட்டு 35 சோமாலியக் கொள்ளையரை மும்பைப் போலீசிடம் ஒப்படைத்தது. 2022-இல் நாம் இயற்றிய கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் கை கொடுத்தது. ஏவுகணை விட்டவர்களை எந்தச் சட்டத்தில் எந்த ஊரிலிருந்து கொண்டுவருவது? சனா 2014 முதல் ஹூதிகள் கையில். உலகம் அங்கீகரித்த அரசு ஏடனில். ஒப்படை என்று கேட்டால் ஒப்படைக்கும் நிலையில் உள்ளவனுக்கு அங்கீகாரமில்லை, அங்கீகாரமுள்ளவனிடம் ஆள் இல்லை. தமிழர்களுக்கு இது புதிதில்லை. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தேடப்பட்ட முக்கிய எதிரியைப் பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து 2009 வரை கொண்டுவர முடிந்ததா? அங்கும் இதே கதைதான்.

அமெரிக்கா 2021 ஜனவரியில் ஹூதிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது, அடுத்த மாதமே நீக்கியது, 2024-இல் வேறொரு பட்டியலில் சேர்த்தது, 2025 மார்ச் 4-ஆம் தேதி பழைய பட்டியலுக்கே மறுபடி கொண்டுபோனது. பாதுகாப்பு சபை 2024 ஜனவரி 10-இல் 2722-ஆம் தீர்மானம் போட்டுத் தாக்குதலை நிறுத்து என்றது, தாக்குதல் நிற்கவில்லை. நஷ்டஈடு கேட்டுத் திருப்பூர்க்காரர் போய் நிற்க உலகில் எந்த நீதிமன்றமும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே முகவரி அவருடைய சொந்த அரசு. அந்தக் கதவைத்தான் டிசம்பர் 31 அன்று சாத்தினார்கள்.

கடற்படையைப் பற்றி நமக்குக் குறையில்லை. 'மார்லின் லுவாண்டா' பற்றி எரிந்தபோது ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்தின் வீரர்கள்தான் தீயணைக்கப் போனார்கள். 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' தாக்கப்பட்டபோது 21 உயிரைக் காப்பாற்றியது ஐ.என்.எஸ். கொல்கத்தா. அந்தச் செலவை நாடு ஏற்றது, ஏற்கத்தான் வேண்டும். அதே பயங்கரத்தின் இன்னொரு செலவு திருப்பூரின் பேங்க் ஸ்டேட்மெண்டில் வட்டியாக ஏறும்போது மட்டும் அது தனியார் நஷ்டம் ஆகிவிடுமா?

நீட்டி நீட்டிக் கடைசியில் கைவிடுவது இவர்களுக்குப் பழக்கம். ஏற்றுமதிச் சரக்கு வாடகைக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கையும் இப்படித்தான் பலமுறை நீட்டி, 2022 செப்டம்பர் 30-உடன் விட்டார்கள். அதனால்தான் அவசரத்துக்கு விமானத்தில் அனுப்புகிறவர் இன்று வாடகையோடு 18 சதவீத வரியையும் முதலில் கட்டிவிட்டுத் திரும்பி வரக் காத்திருக்கிறார். 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு 11 சதவீத வரி போட்டார்கள். வேண்டாம் என்று தொழில் முழுக்கக் கத்தியது. நூல் விலை எகிறி, 2022 மே மாதம் திருப்பூர் கதவடைத்துத் தெருவுக்கு வந்தது. வரியை எடுத்தது அதற்கு ஒரு மாதம் முன், அந்த ஏப்ரலில்தான். சில மாதம் கழித்து அதுவும் திரும்பி வந்தது.

எல்லாவற்றையும்விட மறக்க முடியாதது 2020 ஜனவரி. ஆயத்த ஆடைக்குக் கொடுத்துவந்த எம்.இ.ஐ.எஸ். என்ற ஏற்றுமதி ஊக்கச் சலுகையை அன்று ரத்து செய்தவர்கள், 2019 மார்ச் 7 முதலே ரத்து என்று பின்தேதியிட்டார்கள். அந்தச் சலுகையை நம்பி விலை சொல்லி, சரக்கு அனுப்பி, பணமும் வாங்கி முடித்தவர்கள் பத்து மாதத்துக்குப் பின்னோக்கி நஷ்டப்பட்டார்கள். அந்த அடியிலிருந்து எழ முடியாமல் மூடிய சிறு கம்பெனிகள் எத்தனை என்று யாராவது எண்ணினார்களா? வெளிநாட்டு பையர் ஒருவர் பேசிய விலையைப் பத்து மாதம் பின்னோக்கி வெட்டினால் அவரோடு நாம் மறுபடி வியாபாரம் செய்வோமா? சொந்த அரசோடு செய்தாகவேண்டியிருக்கிறது.

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாவட்டத்திலிருந்து போகிறது. 2022-23-இல் 34,000 கோடியைத் தாண்டிய ஏற்றுமதி, செங்கடல் அடைபட்ட 2023-24-இல் 30,000 கோடிப் பக்கம் இறங்கியது. அந்த இறக்கத்துக்கு ஐரோப்பிய மந்தமும் காரணம்தான், மறுக்கவில்லை. 2024-25-இல் மறுபடி எழுந்து வந்தது. தொழிலாளியும் முதலாளியும் ராப்பகலாக நின்று எழுப்பியது அது. எழுகிறபோதே தோளில் பாரம் ஏற்றுவது ஆட்சி செய்பவர்களுக்கு அழகல்ல. பங்களாதேஷும் வியட்நாமும் பக்கத்திலேயே போட்டிக்கு நிற்பது டெல்லிக்கும் தெரியும்.

பழைய பெயரிலேயே மானியத்தைத் தந்திருக்கலாம், புதிய இயக்கத்துக்குள் வைத்துத் தந்திருக்கலாம், செங்கடல் திறக்கும் வரை என்று தனியாக ஒரு ஏற்பாடு செய்திருக்கலாம், அது அவர்கள் பாடு. எல்லை தாண்டி வரும் பயங்கரத்தின் நஷ்டத்தில் அரசுக்கும் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டு, அதற்கான அறிவிப்பை வெளியிட்டிருக்கவேண்டும். 2025 மார்ச் 31-இல் பேங்குகள் கணக்கு முடித்தன. அதற்கு முன் வந்திருக்கவேண்டும், ஜனவரி 1 முதல் கட்டிய வட்டிக்கும் சேர்த்து வந்திருக்கவேண்டும். பின்தேதியிட்டு எடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பின்தேதியிட்டுக் கொடுக்கவும் முடிந்திருக்கும்.